வாழைநார்ப் பரிசல்

மே 6, திங்கள்

பவானி டாக்டர் இந்த டயரியை வாங்கச் சொன்னது என் இருமலை எழுதத்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த வேலை செய்யும்போது என்று குறித்து வைத்து மாதம் ஒருமுறை காட்ட வேண்டுமாம். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இருபது வருசமா கண்ணாடித் தூளச் சுவாசிச்சிருக்கீங்கம்மா. இனி அந்த வேலையா, மூச்சான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார்.

முதல் பக்கத்தில் பெயரும் தொழிலும் எழுதக் கோடு போட்டிருக்கிறார்கள். பெயர்: தமயந்தி. தொழில்: பைபர் பட்டறை. கண்ணாடி நாரை அச்சில் விரித்து, ரெசின் என்னும் பிசினைப் பூசி, தண்ணீர்த் தொட்டியும் பரிசலும் செய்வேன். இதுவரை அறுபத்து மூன்று பரிசல்கள். காவிரியில் மேட்டூருக்குக் கீழே எந்தத் துறையில் போய்ப் பார்த்தாலும் என் கைவேலை ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். இதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. சமையல்கூடச் சுமார்தான்.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். கண்ணாடியை விடுகிறேன், பரிசலை விடமாட்டேன். கோபியிலிருந்து இருபது கிலோ வாழைநார் வந்து இறங்கிவிட்டது.

இருமல்: பதினொன்று.

மே 7, செவ்வாய்

வாழைநாரை அப்படியே விரித்து ரெசின் ஊற்றிப் பலகை ஒன்று செய்தேன். காய்ந்ததும் ஓரத்தை நகத்தால் நெம்பினால் நார் தனியாக, ரெசின் தனியாக உரிந்து வந்தது. என் ஆள் மாரப்பன் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "அக்கா, இதுல பரிசல் செஞ்சீங்கன்னா நான் ஆத்துப் பக்கமே வரமாட்டேன். இந்த நாரத் தொடக்கூட மாட்டேன்" என்றான். ஒத்துக்கொண்ட தொட்டிகள் நான்கு பாக்கி இருக்கின்றன. அவற்றை அவன் பின் கொட்டகையில் முகமூடி போட்டுக்கொண்டு முடிக்கட்டும். வாழைநார் என் பாடு.

கோவையில் வாழைநார்ப் பயிற்சிக்குப் போனபோது எழுதி வந்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாரின் மேல் இயற்கையாகவே பசையும் மெழுகும் இருக்கும், அது இருக்கும்வரை ரெசின் ஒட்டாது, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து அதைக் கழற்ற வேண்டும் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எவ்வளவு சோடா என்று எழுதிய இடத்தில் டீ சிந்தியிருக்கிறது.

மே 9, வியாழன்

கண் அளவாகப் போட்டேன். தப்பு. நாலு மணி நேரம் கழித்து டிரம்மில் கையுறை போட்டு அள்ளினால் வெந்த சேமியா வருகிறது. இழுத்தால் அறுகிறது. மாரப்பன் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, பாயசத்துக்கு முந்திரி வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

இருமல்: எட்டு. மாரப்பனைத் திட்டும்போது மூன்று.

மே 11, சனி

கோவைக்குப் போன் பண்ணி அளவைக் கேட்டேன். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ. நாலு மணி நேரம். பிறகு அலசல். ஏழு தண்ணீர் மாற்றி அலசினேன். கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, லிட்மஸ் தாள் நிறம் மாறாமல் நிற்கும்வரை விடவில்லை. நிழலில் உதறி, வெயிலில் காயவைத்து, இரண்டு மணிக்கொரு தரம் தராசில் போட்டேன். எடை இறங்குவது நின்றால்தான் ஈரம் போனதாக அர்த்தம்.

நார் மாறிவிட்டது. வழவழப்புப் போய், விரலில் சொரசொரவென்று பிடிக்கிறது. மெலிந்திருக்கிறது, ஆனால் இழுத்தால் அறவில்லை. இதை எழுதும்போதுகூட ஒரு இழையை இடது கையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மே 12, ஞாயிறு

அக்கரையில் புளியம்பாறையில் தங்கச்சி அமுதா வீட்டுக்குப் போய் வந்தேன். அவள் பேத்திக்குப் பல் முளைக்கிறது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பரிசலில் போனால் பத்து நிமிடம்தானே என்று அமுதா ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். பரிசலுக்குப் பத்து ரூபாய், பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நான் சிக்கனக்காரி என்றேன். அவள் இன்னொரு தோசை வைத்தாள்.

மே 15, புதன்

ஆஹா.

அலசிய நாரில் செய்த புதுப் பலகையிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, உத்தரத்தில் மாட்டி, கீழே எடைக்கற்களாகத் தொங்கவிட்டேன். இருபது கிலோ. முப்பது. முப்பத்தைந்து. நாற்பதில்தான் முறிந்தது, அதுவும் சுத்தமாக. நாரும் ரெசினும் ஒன்றாக முறிந்தன, ஒரு இழைகூட உருவிக்கொண்டு வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் மாரப்பன் ரெசின் வாளியோடு ஓடிவந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துப் பரிசல்காரர் சென்னியப்பன் அண்ணனும் வந்தார். எங்கள் துறையில் பரிசல் விடுபவர் அவர்தான். அவருடைய பழைய பரிசலின் அடியில் விரிசல். ஜூன் பன்னிரண்டில் பள்ளிக்கூடம் திறக்கிறது, அக்கரைப் பிள்ளைகள் பதினேழு பேர் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். முறிந்த துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அம்மிணி, இதுல பரிசல் செய்வீங்களா?"

"செய்வேனுங்கண்ணா. கண்ணாடிப் பரிசல விட வெயிட்டும் கம்மியா இருக்கும்."

"அப்படீன்னா எனக்குத் தோளு பொழைச்சுது. பதினோராந் தேதி வரைக்கும் பாக்கறேன். ஆகலீன்னா மேட்டூர்ல சொல்லி வெச்ச கண்ணாடிப் பரிசல எடுத்துக்கறேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கப்படாது." வாசல் வரை போனவர் திரும்பினார். "நம்ம துறை வழக்கம் தெரியுமில்லீங்க? செஞ்ச கைதான் மொதல்ல ஏறோணும்."

தெரியும். இந்தத் துறையில் எந்தப் பரிசலும் அப்படித்தான் இறங்கும். செய்தவர் முதலில் ஏறி அக்கரை போய் வந்தால்தான் அடுத்தவர் ஏறுவார்.

அவர் எடுத்தால் மற்ற துறைக்காரர்களும் எடுப்பார்கள். அவர் கைவிட்டால் வாழைநாரை ஒருவரும் தொடமாட்டார்கள், நானும் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான்.

மே 16, வியாழன்

எப்போதும் போல மாரப்பனை ஏற்றிவிடலாம்.

மே 18, சனி

பரிசலுக்கு உதிரி நார் ஆகாது, துணி மாதிரி நெய்து போட்டால்தான் வளைவில் படியும். சுத்தம் செய்த நாரையெல்லாம் ஜமக்காளம் நெய்யும் சௌடம்மா அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பரிசலுக்கு ஆகும் அளவு. அவர் இழையைப் பல்லால் கடித்துப் பார்த்து, "முரட்டுப் பயலா இருக்கான். ஆனா நெய்யலாம்" என்றார். நாரின் மேல் எண்ணெய், மெழுகு எதுவும் படக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். எதுவும் போடமாட்டேன் என்று அவரும் மூன்று தடவை சொன்னார்.

இருமல்: ஐந்து.

மே 25, சனி

நார்த்துணி வந்துவிட்டது. என்ன அழகு. பொன்னிறம், நெருக்கமான நெசவு, விரித்தால் விறைப்பாக நிற்கிறது. இதை வெட்டவே மனசு வரவில்லை. பட்டறையில் வைத்தால் தூசு படியும் என்று வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மே 27, திங்கள்

கட்டிலுக்கு அடியில் கரப்பான். துணியின் ஓரத்தைக் கடித்து வைத்திருக்கிறது. அலசிய உதிரி நாராக ஒரு வாரம் அதே இடத்தில் கிடந்தபோது ஒன்றும் வரவில்லை, நெய்து வந்ததும் விருந்துக்கு வந்துவிட்டன. மருந்து அடித்தேன். கடித்த இடத்தை வெட்டிக் கழித்தேன்.

மே 29, புதன்

அச்சில் மெழுகு தடவி, துணி, ரெசின், துணி, ரெசின் என்று நாலு அடுக்கு. நான் ஒருத்தியே. மாரப்பன் தொட்டிகளை முடித்துவிட்டுத் தூரமாக உட்கார்ந்து பீடி குடிக்காமல் வேடிக்கை பார்த்தான். ரெசின் இருக்கும் இடத்தில் பீடி கூடாது என்ற ஒரு பாடமாவது அவனுக்கு ஏறியிருக்கிறது. கண்ணாடி நாரில் வரும் அரிப்பு இல்லை. முழங்கை வரை ரெசின் ஒட்டியிருந்தும் இரவில் சொறியாமல் சாப்பிட்டேன். இருபது வருடத்தில் இது முதல் தடவை.

மே 31, வெள்ளி

அச்சிலிருந்து எடுத்தாயிற்று. நாற்பத்தொரு கிலோ. கண்ணாடிப் பரிசல் அறுபதுக்குக் குறையாது. தேன் நிறம். வெயிலில் நிறுத்தினால் உள்ளே நெசவு தெரிகிறது. சென்னியப்பன் அண்ணன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, தோளில் தூக்கி நாலடி நடந்து காட்டினார்.

தொட்டி செய்த பழக்கத்தில் பரிசலுக்குள் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். தாங்குமா என்று உள்ளேயிருந்து கேட்பது என் முறை.

ஜூன் 2, ஞாயிறு

கொப்புளம்.

அடிப்பாகம் முழுக்க. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வருகிறது. அடுக்குகள் விட்டுப்போய்விட்டன. மாரப்பன் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அமுதா வீட்டுக்குப் போகவில்லை. இருமலை எண்ணவில்லை.

ஜூன் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் ஒன்று உறைத்தது. கொப்புளங்கள் தாறுமாறாக இல்லை. வரிவரியாக, எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன.

பரிசலின் ஓரத்திலிருந்து இரண்டு துண்டு அறுத்தேன். ஒன்று துணியின் நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில். இரண்டையும் உத்தரத்தில் தொங்கவிட்டேன். குறுக்குத் துண்டு முப்பத்தெட்டு கிலோ தாங்கியது. நீளத் துண்டு பதினாறிலேயே போய்விட்டது. முறிந்த இடத்தில் நார்கள் ரெசினிலிருந்து வழுக்கி உருவிக்கொண்டு வந்து பல்லிளித்தன. அதே நார், அதே சோடா, அதே ஏழு தண்ணீர், ஒரே டிரம். தறியில் நீளமாகப் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. அப்படியென்றால் பாவுக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது.

பாவை மட்டும்தான் கரப்பானும் கடித்திருந்தது. கழித்துப் போட்ட துண்டைக் குப்பையிலிருந்து தேடி எடுத்துப் பார்த்தேன். ஊடையில் ஒரு பல் தடம்கூட இல்லை. கரப்பான் எதைத் தின்னும்? என் அலமாரியில் எந்தப் புடவையைக் கடிக்கும்? கஞ்சி போட்ட புடவையை.

முதலுதவிப் பெட்டியில் புண்ணுக்குப் போடும் அயோடின் இருந்தது. எட்டாம் வகுப்பில் உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்களே. மிச்சத் துணியில் ஒரு சொட்டு விட்டேன். ஊடை இழைகள் பழுப்பாக இருந்தன. பாவு இழைகள் ஒவ்வொன்றாகக் கருநீலமாக மாறின. உட்கார்ந்த இடத்திலிருந்தே மாரப்பனைக் கூப்பிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

சௌடம்மா அக்கா வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டேன். சண்டைக்குத்தான் போனேன்.

"அக்கா, நாருக்கு எதுவும் போடலைன்னு சொன்னீங்க."

"போடலையே. எண்ணெயா மெழுகா, ஒரு பொட்டுகூடப் படல."

"கஞ்சி?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று யாரோ கேட்டதைப் போல இருந்தது. "கஞ்சி போடாம யாராவது பாவு ஏத்துவாங்களா? இழையெல்லாம் படபடன்னு அந்துபோகும். உன் நாரு முரடுன்னு பச்சரிசிக் கஞ்சி ரெண்டு கை கூடவே போட்டேன். அதைப் போய்ப் போட்டதுன்னு சொல்லுவாங்களா?"

சண்டை வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அவர் தன் தொழிலை ஒழுங்காகச் செய்திருக்கிறார். கேட்கத் தெரியாதவள் நான். ஏழு தண்ணீரில் கழுவிக் கழுவிச் சொரசொரப்பாக்கிக் கொடுத்த நாரைக் கஞ்சி மறுபடி வழவழப்பாக்கிவிட்டது. அதுவும் தண்ணீர் பட்டதும் ஊறி உப்பிவிட்டது.

"கஞ்சியை எப்படிக்கா எடுக்கறது?"

"வெந்நீர்ல அலசிப் பாரு. நாங்க எங்க எடுத்தோம், போட்டுத்தானே பழக்கம்."

இன்னொரு பரிசலுக்குத் துணி இருக்கிறது. ஏழு நாள் இருக்கிறது.

ஜூன் 5, புதன், காலை

வெந்நீரில் மூன்று தடவை அலசியும் அயோடின் நீலம்தான் காட்டுகிறது. நெசவு முடிச்சுக்குள் கஞ்சி உறைந்து கிடக்கிறது. அழுத்தித் தேய்த்தால் துணி பிரிகிறது.

அதே நாள், மாலை

அமுதா போன் பண்ணினாள். பேத்தி கேழ்வரகுக் கூழைக் குடிக்க மாட்டேன் என்கிறாளாம், கெட்டியாக இருக்கிறதாம். "முளைகட்டின மாவு ஒரு ஸ்பூன் போடு, தண்ணியா இளகிரும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, போனை வைத்துவிட்டேன். கட் ஆகிவிட்டது என்று நினைத்து அவள் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

இளகும். முளைகட்டிய கேழ்வரகு கஞ்சியை இளக்கும். குழந்தை பெற்ற வீடெல்லாம் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும், இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மளிகைக்கடையில் இருந்த முளைகட்டிய மாவு அத்தனையும் வாங்கினேன். எத்தனை குழந்தைகள் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றே ஒன்று, ஏழடி அகலம் என்றேன்.

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் மாவைத் துணியில் கட்டிக் கரைத்து, நார்த்துணியை முக்கி மூடி வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் கலங்கிக் கொழகொழவென்று இருந்தது. அலசினேன். அயோடின் வைத்தேன்.

பழுப்பு. பாவும் பழுப்பு, ஊடையும் பழுப்பு. பதினாறு இடத்தில் வைத்துப் பார்த்தேன், எங்கும் நீலம் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மாரப்பன் அவனாகவே கேட்டான்: "அக்கா, நானும் ஒரு கை போடட்டுங்களா?" வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இதை நானே முடிக்க வேண்டும் போலிருந்தது.

இருமல்: இரண்டு.

ஜூன் 8, சனி

வெயில் தயவில் துணி காய்ந்து, எடை இறங்குவது நின்று, நாலு அடுக்கும் போட்டாயிற்று. மிச்சத் துணியில் செய்த சோதனைத் துண்டுகள்: நீளம் முப்பத்தேழு, குறுக்கு முப்பத்தெட்டு.

ஜூன் 9, ஞாயிறு

அச்சிலிருந்து எடுத்துத் தண்ணீர் நிரப்பியாயிற்று. இப்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாரப்பன் இதில் ஒரு நாரைக்கூடத் தொடவில்லை.

ஜூன் 10, திங்கள்

கொப்புளம் இல்லை. தட்டினால் டங்கென்கிறது. ஊர்கூடிக் கொண்டாட வேண்டிய நாள், நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

சென்னியப்பன் அண்ணனிடம் மாரப்பனை ஏற்றலாமா என்று கேட்டேன். "அவன் இந்த நாரத் தொடமாட்டேன்னு டீக்கடையிலயே சொல்லிட்டுத் திரிஞ்சானுங்களே அம்மிணி. செஞ்ச கை உங்களுது. நீங்க ஏறலீன்னா புள்ளைங்கள நான் எப்படிங்க ஏத்தறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எழுதிவிடுகிறேன், டாக்டர் படித்தால் படிக்கட்டும். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஆடிப்பெருக்கன்று பரிசல் கவிழ்ந்தது. எல்லாரையும் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் கவிழ்ந்த பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் போனேன். மூங்கில் பரிசல், தோல் நைந்து தண்ணீர் உள்ளே புகுந்த பரிசல். அதற்குப் பிறகு தண்ணீர் புகாத சாமான்களாகச் செய்து தள்ளினேன். அறுபத்து மூன்று பரிசலில் ஒன்றில்கூட ஏறியதில்லை. பஸ்ஸுக்குக் காசு வாங்கினாலும் பஸ்ஸில்தான் போயிருப்பேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஏறினேன்.

துறையில் நாற்பது பேராவது இருந்தார்கள். சௌடம்மா அக்கா தறியை விட்டு வந்திருந்தார். மாரப்பன் எனக்காக லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்து வைத்திருந்தான். தூக்கிப்போடச் சொன்னேன், போடவில்லை. கால் வைத்ததும் பரிசல் அசைந்தது. விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் எழுதுகிறேன்.

சென்னியப்பன் அண்ணன் துடுப்புப் போட்டார். பரிசல் மெதுவாகச் சுற்றியது. அடியில் ஓர் இடத்தில் டிக்கென்று சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்துவிட்டேன். அது எந்த அடுக்கு, எந்தப் பக்கம்? முட்டி போட்டு அடியைத் தடவினேன். காய்ந்துதான் இருந்தது. மறுபடி டிக். தவழ்ந்து அடுத்த பக்கம் போனேன். அங்கும் காய்ந்திருந்தது. "துடுப்ப நிறுத்துங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அடியில் காதை வைத்துப் படுத்தேன். நாருக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுவது கேட்டது. டிக்கென்றது என் இடுப்புச் சாவி.

"அம்மிணி, தலையத் தூக்கிப் பாருங்க" என்றார் அவர்.

தூக்கினேன். நட்டாற்றில் இருந்தோம். இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருந்தன. என் இரண்டு கையும் விளிம்பைப் பிடிக்கவில்லை. அழுதுவிட்டேன். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கரையில் அமுதா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. என்னைப் பார்த்ததும், "தோசை சுட்டு வெச்சிருக்கேன், எறங்கு" என்றாள்.

ஜூன் 12, புதன்

பதினேழு பிள்ளைகள். இரண்டு நடை. நான் கரையில் நின்று எண்ணினேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாரப்பன் நேற்றிலிருந்து நார் அலசக் கற்றுக்கொள்கிறான். நாலாவது தண்ணீரிலேயே போதுமா என்கிறான், ஏழு என்றேன். அம்மாபேட்டைத் துறையிலிருந்து ஒருவர் வந்து பரிசல் கேட்டுவிட்டுப் போனார். சௌடம்மா அக்கா பாவுக்குக் கஞ்சி போடுவார், நான் கேழ்வரகில் எடுப்பேன் என்று உடன்பாடு. இருமல்: ஒன்று, மிளகாய் வறுக்கும்போது.

பத்து மணிக்கு அமுதா வீட்டுக்குக் கிளம்பினேன். நிறுத்தத்தில் நிற்கும்போது பஸ் வந்து, கண்டக்டர் எனக்காகக் கதவருகில் இடம் விட்டார். நீங்கள் போங்கள் என்று கைகாட்டிவிட்டுத் துறைக்கு நடந்தேன். சென்னியப்பன் அண்ணன் செய்தவரிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். அது அன்றைக்கு, இன்றைக்கு நான் ஊருக்குப் போகிறவள் என்று பத்து ரூபாயை அவர் கையில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.